அழிக்கும் கை: கெர்ஹார்ட் ரிக்டர் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் பின்னட்டையில், ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2006ஆம் ஆண்டு தீட்டிய ‘கேஜ்’ வரிசை ஓவியங்கள் ஆறனுள் ஒன்றை, ஸ்குவீஜி என்னும் கருவியால் வண்ணத்தை இழுத்துத் தீட்டியது என்ற ஒருவரிக் குறிப்போடு அச்சிட்டிருந்தோம். அந்தப் படத்தைப் பற்றி வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகம். அவற்றுள் பாதி கோபமானவை. ஆகவே இம்முறை பிற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, அவரைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பின்னட்டையைப் பார்த்துவிட்டு, ‘இதை நானும் வரைவேன்’ என்கிறான். இந்த ஓவியருக்கு ஓர் ஆளை ஆளாக வரையத் தெரியுமா?
– ஈரோட்டு வாசகர்

தெரியும். அந்தத் தேர்ச்சியே ஒரு கட்டத்தில் அவருக்குச் சுமையாகிப் போனது என்றுகூடச் சொல்லலாம்.

ரிக்டர் 1932இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். பதின்பருவத்தின் இறுதியில் சிட்டாவ் என்ற சிற்றூரில் விளம்பரப் பலகைகளும் பதாகைகளும் எழுதினார். நாடக அரங்குக்குத் திரைச்சீலை தீட்டும் கூடத்திலும் வேலை பார்த்தார். டிரெஸ்டன் கலைக் கழகம் முதல் விண்ணப்பத்தை நிராகரித்தது. 1951இல் இடம் கொடுத்தது. அங்கே ஐந்தாண்டுகள் மனித உருவம், நிலக்காட்சி என்று பழைய முறைப்படி பயின்று, சுவரோவியத்தில் தனிப்பயிற்சி பெற்றார். 1956இல் பட்டத்துக்காக, அதே நகரின் சுகாதார அருங்காட்சியகத்தில், ஓய்வுநேரத்தை மகிழ்ச்சியாகக் கழிக்கும் மக்களை ஒரு பெரிய சுவரில் வரைந்தார். கிழக்கு ஜெர்மனியின் அரசு விரும்பிய சோஷலிச யதார்த்தவாதம் அது. வரைந்தவர் மேற்கே போய்விட்ட பிறகு அந்தச் சுவரைப் பூசி மறைத்துவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில்தான் அதன் சில பகுதிகளை மெல்லச் சுரண்டி மீண்டும் வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள்.

1959இல் மேற்கு ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில் வண்ணத்தைச் சொட்டவிட்டு உருவமில்லாமல் தீட்டிய ஜாக்சன் போலாக், கேன்வாஸையே கத்தியால் கீறிய லூச்சியோ ஃபோன்டானா ஆகியோரின் ஓவியங்களைப் பார்த்தார். தாம் கற்றதெல்லாம் ஒரு பக்கமும் இவை மறு பக்கமுமாக நின்றதில் அவர் நிலைகுலைந்தார். 1961இன் தொடக்கத்தில், பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, மேற்கே சென்றார். அரசு வேலைகள் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு சுவரோவியர், 29 வயதில் டுசல்டார்ஃப் கலைக் கழகத்தில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு, ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்துச் சாதாரண மேசை ஒன்றை வரைந்தார். பிடிக்கவில்லை. ஈரம் காயாத அந்த மேசையின் நடுப்பகுதியைக் கரைப்பானால் சுழற்றித் தேய்த்துக் கலைத்துவிட்டார். பிற்பாடு தம் படைப்புகளுக்கு வரிசை எண் கொடுத்தபோது, அதற்கு முன்பு வரைந்த எதையும் கணக்கில் சேர்க்காமல், இந்தக் கலைந்த மேசைக்குத்தான் எண் 1 என்று எழுதினார். அவர் எழுதிய அந்த எண்ணை நான் ஒரு வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய ஓவிய வாழ்க்கை ஒரு படத்தை வரைந்ததில் தொடங்கவில்லை; வரைந்ததை அழித்ததில் தொடங்குகிறது.

உங்கள் மகன் தாராளமாக வரைந்து பார்க்கட்டும். வரைந்தது பிடிக்காமல் போகும்போது அவன் என்ன செய்கிறான் என்பதையும் சற்றுக் கவனியுங்கள்.

நான் பனியன் துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவன். நாங்கள் மையை இழுக்கும் அதே ஸ்குவீஜியைத்தான் இவரும் பயன்படுத்துகிறாரா?
– திருப்பூர் வாசகர்

குடும்பம் ஒன்று, தொழில் வேறு. உங்கள் பட்டறையில் கட்டைப்பிடியில் செருகிய ரப்பர் பட்டை, மையை வலைத்துணியின் கண்கள் வழியே கீழே தள்ளுகிறது. ஆயிரம் பனியனில் ஆயிரமும் ஒன்றுபோல இருந்தால்தான் கூலி. ரிக்டரின் ஸ்குவீஜி, மரப்பிடி பொருத்திய நீண்ட அக்ரிலிக் தகடு. ஓரளவு வளையும், ஒளி ஊடுருவும். கை அகலத்துக்கு ஒன்று, இரண்டு கைகளை விரித்தாலும் எட்டாத அளவுக்கு ஒன்று என்று பல நீளங்களில் செய்து வைத்திருக்கிறார். இதில் ஓர் இழுப்பு போல இன்னொன்று அமையாது. அமையக் கூடாது என்பதே நோக்கம்.

2017 வரை அவர் கையாண்ட முறை ஏறத்தாழ இப்படி. கொலோன் நகர்ப்புறத்திலுள்ள அவருடைய வெள்ளைச் சுவர்க் கூடத்தில் ஒரே நேரத்தில் பல கேன்வாஸ்கள் மாட்டப்பட்டிருக்கும். உதவியாளர்கள் தைல வண்ணத்தைக் கலந்து, கட்டி தட்டாமல் வடிகட்டி, வாளிகளில் வைத்திருப்பார்கள். முதலில் அவர் அகலத் தூரிகையால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களைப் பட்டைபட்டையாகப் பூசுகிறார். இந்த நிலையிலேயே சில கேன்வாஸ்கள் நன்றாக இருக்கும். அதைப் பார்த்துப் பதறுவது நாம்தான், அவரல்ல. அடுத்து, ஸ்குவீஜியின் விளிம்பு நெடுகிலும் வண்ணத்தைக் கரண்டியால் அப்பி, கேன்வாஸின் ஓர் ஓரத்தில் பதித்து, உடல் எடை முழுவதையும் சாய்த்து, மறு ஓரம் வரை மெல்ல இழுத்துக்கொண்டு போகிறார். கொத்தனார் சுவர்ப் பூச்சில் மட்டப்பலகையை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மேடு பள்ளம் தெரியாமல் சமனாவதற்காக இழுக்கிறார்கள். இங்கே அடியிலுள்ள ஈர வண்ணம் மேலே வரும் வண்ணத்தைப் பற்றிக்கொண்டு இழுபட, ஓரிடத்தில் புதிய பூச்சு கிழிந்து பழையது எட்டிப் பார்க்கிறது, இன்னோரிடத்தில் இரண்டும் குழைந்து மூன்றாவது நிறமாகிறது, வேறோர் இடத்தில் வெறும் கேன்வாஸின் இழையே தெரிகிறது. அழுத்தம், வேகம், தகடு சாய்ந்திருக்கும் கோணம், அடிப்பூச்சு எத்தனை நாள் காய்ந்தது ஆகிய நான்கும் விளைவை மாற்றுகின்றன.

இழுத்து முடித்தவுடன் பின்னால் நகர்ந்து நின்று பார்க்கிறார். சில நாட்கள் காய விடுகிறார். மறுபடியும் பூச்சு, மறுபடியும் இழுப்பு. சில சமயம் கத்தியால் சுரண்டலும் உண்டு. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இது நீள்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், கோரின்னா பெல்ஸ் என்ற இயக்குநர் இந்த வேலையைக் கேமராவில் பிடித்திருக்கிறார். நமக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும் ஓவியத்தின் குறுக்கே அவர் ஸ்குவீஜியை வைக்கும் கணத்தில், பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும். எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு அவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் விடை, இனித் தவறாக எதுவும் கண்ணில் படாதபோது என்பதுதான். சரியாக இருக்கிறது என்று அவர் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கருவியை அவர் கண்டுபிடிக்கவில்லை. டுசல்டார்ஃபில் அவருக்கு ஆசிரியராக இருந்த கார்ல் ஓட்டோ கோட்ஸ், 1950களிலேயே அகலத் தகட்டால் ஈர வண்ணத்தை வழித்துப் படங்கள் செய்தவர். கோட்ஸ் சில நொடிகளில் முடிக்கும் வேகக்காரர். மாணவர் அதே கருவியைப் பின்னாளில், 1980ஐ ஒட்டிக் கையிலெடுத்து, நிதானத்துக்குப் பழக்கிக்கொண்டார்.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறேன். தைல வண்ணம் விலை அதிகம். அக்ரிலிக்கில் இதைச் செய்து பார்க்கலாமா?
– கும்பகோணம் மாணவி

செய்யலாம், ஆனால் நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் நீங்கள் இழுத்து முடிப்பதற்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். ரிக்டரின் முறை முழுவதும் தைல வண்ணம் மெதுவாக உலர்வதை நம்பியே நிற்கிறது: முற்றும் ஈரமான அடிப்பூச்சு ஒரு விளைவைத் தரும், மேலே மட்டும் தோல் கட்டியது வேறொன்றைத் தரும், முழுக்கக் காய்ந்தது மூன்றாவதைத் தரும். அக்ரிலிக்கில் உலர்வைத் தாமதப்படுத்தும் கலவைகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றைச் சேர்த்து, முதலில் சிறிய அட்டைகளில் பழகுங்கள். வழவழப்பான பலகையில் வண்ணம் நழுவும், கேன்வாஸில் பிடிக்கும். அவரும் கேன்வாஸோடு நிற்காமல் அலுமினியப் பலகைகளிலும் தீட்டியிருக்கிறார். தகட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம், கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்பவர்களிடம் அக்ரிலிக் துண்டு கேட்டாலே போதும். தைல வண்ணத்தின் பக்கம் போகும் நாளில் மட்டும் அறையின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். கரைப்பானின் நெடி விளையாட்டல்ல.

அப்படியானால் எல்லாம் தற்செயல்தானே? தற்செயலாக அமைவதற்கு ஓவியர் எதற்கு?
– மதுரை வாசகர்

கூர்மையான கேள்வி. ரிக்டர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார்.

1966இல் அவர் வண்ணக் கடைகளில் கிடைக்கும் மாதிரி அட்டைகளைப் பெரிதாக்கி வரைந்தார். நாம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கடைக்காரர் நீட்டுவாரே, அதே கட்டம்போட்ட அட்டை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பதில் தம் விருப்பத்தை நுழைக்காமலிருக்கும் முயற்சி அது. 1970களில் இதை இன்னும் கறாராக்கினார்: அடிப்படை நிறங்களைக் கணக்குப்படி கலந்து 1,024 நிறங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் நான்கு முறை பயன்படுத்தி, 4,096 கட்டங்களில் குலுக்கிப் போட்டார்.

அந்தக் கணக்கு பல பத்தாண்டுகள் கழித்து ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்தது. கொலோன் பேராலயத்தின் தெற்குப் பக்கப் பெருஞ்சன்னலின் பழைய வண்ணக் கண்ணாடி இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோயிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் மதநம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைசாட்சிகளின் உருவங்களை அங்கே வைக்கலாம் என்பது நிர்வாகத்தின் முதல் எண்ணம். ரிக்டர் அதை முயன்று பார்த்துக் கைவிட்டார். பிறகு, பேராலயத்தின் பழைய சன்னல்களிலுள்ள நிறங்களைச் சார்ந்து 72 நிறங்களைத் தேர்ந்து, 9.6 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடித் துண்டுகள் 11,000க்கும் மேல் வெட்டி, அவற்றின் வரிசையைக் கணினியின் குலுக்கலுக்கு விட்டார். 2007 ஆகஸ்டில் 113 சதுர மீட்டர் சன்னல் திறக்கப்பட்டது. அதற்கு அவர் கூலி வாங்கவில்லை. அப்போது கொலோனின் பேராயராக இருந்த கர்தினால் மைஸ்னருக்கு அது பிடிக்கவில்லை. மசூதிக்கோ வேறொரு வழிபாட்டு இடத்துக்கோ பொருந்தும் என்ற பொருள்பட அவர் பேசியது பெரிய சர்ச்சையானது. கர்தினாலின் கண்ணில் குறையாகப் பட்ட உருவமின்மையைத்தான் நான் அந்தச் சன்னலின் நேர்மை என்பேன்.

இப்போது உங்கள் கேள்வி. சன்னலில் எந்த நிறம் எங்கே என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. எந்த 72 நிறங்கள், எந்த அளவுச் சதுரம், உருவம் வேண்டுமா வேண்டாமா என்பவற்றை ஓவியர் முடிவு செய்தார். ஸ்குவீஜி ஓவியங்களில் இந்தப் பங்கீடு மாறுகிறது. இழுப்பு கொண்டுவருவது தற்செயல். அதை வைத்துக்கொள்வதா, மூடிவிடுவதா என்பது கண்ணின் தீர்ப்பு. சீட்டாட்டத்தில் கைக்கு வரும் சீட்டு நம் வசம் இல்லை, எதை இறக்குவது என்பது நம் வசம் என்பதைப் போல. ஒரு வேறுபாடு உண்டு. பிடிக்காத சீட்டுக் கட்டை ரிக்டர் எத்தனை முறை வேண்டுமானாலும் கலைத்துப் போடுவார்.

நிலநடுக்கத்தை அளக்கும் ரிக்டர் இவர்தானா?
– நாகர்கோவில் வாசகர்

இல்லை. அவர் சார்லஸ் ரிக்டர், அமெரிக்கர், 1985இல் காலமானார்.

உலகில் இவ்வளவு கொடுமை நடக்கும்போது வண்ணத்தை இழுத்துக்கொண்டிருப்பது தப்பித்தல் ஆகாதா? அரூப ஓவியத்தால் எதைப் பற்றியாவது பேச முடியுமா?
– புதுச்சேரி வாசகி

இதற்கு நான் ‘ஆம், பேச முடியும்’ என்று உடனே சொல்லிவிட மாட்டேன். ‘பிர்க்கெனாவ்’ என்ற நான்கு ஓவியங்களைப் பற்றிச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

முதலில் பின்புலம். 1965இல் ரிக்டர் குடும்பப் புகைப்படங்கள் இரண்டைக் கறுப்பு வெள்ளையில் வரைந்தார். ஒன்றில் நாஜிப் படையின் சீருடை அணிந்து சிரிக்கும் தாய்மாமன் ரூடி; அவர் போரில் இறந்தவர். மற்றொன்றில் கைக்குழந்தையான ரிக்டரோடு சிறுபெண்ணாக அவருடைய சித்தி மரியன்னே. மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டு, கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டு, நாஜிகளின் கொலைத் திட்டத்துக்கு 1945இல் பலியானவர் அவர். ஒரே குடும்பத்தில் சீருடை போட்டவரும் கொல்லப்பட்டவரும். இரண்டு படங்களையும் அவர் கூர்மையாக வரைந்து முடித்து, வண்ணம் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் மெல்ல வருடி மங்கலாக்கினார். மேசையைக் கலைத்த கைதான் இங்கும்.

இனி பிர்க்கெனாவ். 1944 ஆகஸ்டில் நாஜிகளின் அவுஷ்விட்ஸ்-பிர்க்கெனாவ் கொலை முகாமில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள், உயிரைப் பணயம் வைத்துக் கள்ளத்தனமாக நான்கு புகைப்படங்கள் எடுத்து முகாமுக்கு வெளியே அனுப்பினார்கள். கொலைக்கூடத்தின் வாசலிலிருந்தும் வெளியிலிருந்தும் எடுக்கப்பட்ட அந்தப் படங்கள் சாய்ந்தும் மங்கியும் இருக்கின்றன. எடுத்தவரின் அச்சம் சட்டகத்திலேயே பதிந்திருக்கிறது. 2014இல் ரிக்டர், 260 சென்டிமீட்டர் உயரமும் 200 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட நான்கு கேன்வாஸ்களில் அவற்றைப் பெரிதாக்கி வரைந்தார். அப்போது அவருக்கு 82 வயது. வரைந்தவை நிற்கவில்லை. அந்தப் புகைப்படங்களோடு ஓவியம் போட்டியிட முடியாது என்று கண்டு, அவற்றின் மேல் கறுப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை என்று பூசி ஸ்குவீஜியால் இழுத்து மூடினார். கீழேயுள்ள கோடு ஒன்றுகூட இன்று கண்ணுக்குத் தெரியாது.

‘மூடிவிட்டால் பேசியதாகுமா? தலைப்பில்லாமல் பார்த்தால் யாருக்குத் தெரியும்?’ என்று விமரிசகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அவற்றைத் தனியே மாட்டவில்லை. அந்த நான்கு புகைப்படங்களின் படிகளையும் அதே கூடத்தில் வைத்து, ஓவியங்களுக்கு எதிர்ச்சுவரில் நான்கு பகுதிகளான பெரிய சாம்பல் நிறக் கண்ணாடியையும் நிறுத்துகிறார். பார்வையாளர் எங்கே திரும்பினாலும் ஓவியத்தோடு சேர்ந்து தம் உருவத்தையும் பார்த்தாக வேண்டும். இந்த ஓவியங்களின் அச்சுப் பதிப்பு ஒன்று 2017 முதல் பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. ரிக்டர் இவற்றை விற்கவும் இல்லை. என் சொந்தக் கருத்து: அந்தப் புகைப்படங்களை அழகான தைல ஓவியமாக நமக்குக் காட்டியிருந்தால் அதுதான் தப்பித்தலாக இருந்திருக்கும். முயன்று தோற்றதை மறைக்காமல், தோல்வியின் மேலேயே வேலை செய்தார் என்பதால் நான் அவர் பக்கம் சாய்கிறேன்.

ஓர் ஓவியத்துக்குப் பல நூறு கோடி ரூபாய் என்கிறார்கள். ஓவியருக்கு எவ்வளவு போகும்?
– சென்னை வாசகர்

2012இல் லண்டன் ஏலத்தில் அவருடைய அரூப ஓவியம் ஒன்று 2 கோடியே 13 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. விற்றவர் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன். 2015இல் இன்னொன்று 3 கோடி பவுண்டைத் தாண்டியது. பணம் விற்பவருக்கும் ஏல நிறுவனத்துக்கும் போகிறது. ஐரோப்பியச் சட்டப்படி மறுவிற்பனையில் ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு. எவ்வளவு பெரிய விலையானாலும் அதன் உச்சவரம்பு 12,500 யூரோ. இந்த விலைகளைத் தம்மாலேயே புரிந்துகொள்ள முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போதும் தீட்டுகிறாரா?
– தஞ்சாவூர் வாசகர்

தைல ஓவியத்தை 2017இல் நிறுத்திக்கொண்டார். மேசைக்கு எண் 1 கொடுத்துத் தொடங்கிய பட்டியல், 952 என்ற எண்ணோடு நின்றது. ஓர் எண்ணுக்குள் பல ஓவியங்கள் அடங்குவதால், மொத்தம் அதைவிட மிகுதி. ஸ்குவீஜி இழுப்பு உடல் வலுவைக் கேட்கும் வேலை. அதன் பிறகு மேசையில் அமர்ந்து பென்சிலாலும் மையாலும் சிறு சிறு கோட்டுச் சித்திரங்கள் வரைகிறார். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, வரைந்த தேதி மட்டுமே. 2025 அக்டோபரில் பாரிஸின் லூயி வித்தோன் அறக்கட்டளை அருங்காட்சியகத்தில் தொடங்கிய பெருங்கண்காட்சியில், 1962இன் மேசையிலிருந்து இந்தக் கோட்டுச் சித்திரங்கள் வரை 270 படைப்புகளுக்கு மேல் இடம்பெற்றன.

நான் வசிப்பது கொலோன் நகரில். இவருடைய அரூப ஓவியத்தின் முன் நின்றால் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.
– ஜெர்மனி வாசகி

பேராலயத்துச் சன்னலுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறீர்கள், பொறாமையாக இருக்கிறது. வெயில் உள்ள நண்பகலில் போய், சன்னலைப் பார்க்காமல் முதலில் தரையையும் தூண்களையும் பாருங்கள்.

ஓவியத்துக்கு வருவோம். நடுவில் தொடங்காதீர்கள். அருகே சென்று நான்கு ஓரங்களையும் பாருங்கள். தகடு முழுதாக எட்டாத அந்த விரலகல இடத்தில், முதல் நாள் பூசிய சிவப்போ மஞ்சளோ மூடப்படாமல் எஞ்சியிருக்கும். அடியில் எத்தனை படலம் என்று அங்கே ஓரளவு எண்ணலாம். அடுத்து, மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ ஓடும் மெல்லிய வரப்புகளைத் தேடுங்கள். இழுத்துக்கொண்டு வந்தவர் மூச்சு வாங்க நின்றோ, அழுத்தத்தை மாற்றியோ, தகட்டைத் தூக்கியோ எடுத்த இடங்கள் அவை. ஒரு வரப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டே போனால், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு இழுத்தார் என்பது பிடிபடும். அதன் பிறகு பத்தடி பின்னால் வாருங்கள்.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற இதழில் பின்னட்டையின் அளவுக்குப் பொருத்துவதற்காக, கிட்டத்தட்ட சதுரமான அந்த ஓவியத்தின் இரு பக்க ஓரங்களையும் வெட்டிவிட்டோம். இந்த இதழின் நடுப்பக்கத்தில் அதை முழுதாக மீண்டும் அச்சிட்டிருக்கிறோம்.